மூன்று ஷிப்டுக்கு நடுவே ஒரு டிரம் செட்

மைத்துனர் மகளின் கல்யாணத்துக்காகக் கிள்ளானிலிருந்து விமானமேறிக் காஞ்சிபுரம் வந்த நான், கல்யாணம் முடிந்த மறுநாளே இரண்டு டிரம் குச்சிகளைப் பையில் செருகிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பினேன். காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டுப் பட்டுக் கடைக்குப் போகாமல் இந்த மனுஷன் எங்கே போகிறார் என்று சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அவசரம்.

கிள்ளானில் நாங்கள் ஐந்து பேர் ஒரு இசைக்குழு நடத்துகிறோம். கல்யாணம், பிறந்தநாள் விருந்து, கோயில் திருவிழா எதுவானாலும் வாசிப்போம். இருபத்தாறு வருடமாக டிரம்ஸ் நான்தான். மூன்று வருடத்துக்கு முன் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது என் பழைய ஜப்பான் டிரம் செட் இரண்டு நாள் தண்ணீரில் ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்துபோனது. அன்றிலிருந்து ரப்பர் தட்டுகளில் வாசிக்கிறேன். இங்கே தட்டினால் சத்தம் கம்பி வழியாகப் போய் வேறெங்கோ ஒரு பெட்டியில் வரும்.

போன மாதம் எங்கள் கீபோர்டுக்காரன் பாலன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "அண்ணே, ரப்பரைத் தட்டுறதுக்கு ஒரு ஆள் எதுக்கு? தீபாவளி நிகழ்ச்சியிலேருந்து லேப்டாப்பே வாசிக்கட்டும். உண்மையான டிரம்ஸ் கொண்டு வந்தீங்கன்னா நீங்க வாசிங்க." அவன் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வலித்தது. தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தது.

இணையத்தில் தேடியபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. என்னுடையதைப் போலவே பழைய ஜப்பான் செட். முத்துச்சிப்பியின் உள்பக்கம் போல மின்னும் நீல உறை. இடம், ஒரகடம் பக்கத்தில் ஒரு கிராமம். விளம்பரம் போட்டவன் முத்துராஜ் என்று ஒரு இளைஞன். செட் தன்னுடையதல்ல, தான் குடியிருக்கும் வீட்டுக்காரர் ஏழுமலையுடையது என்று போனில் சொன்னான். நான் அவனுக்குப் பதினோரு கேள்விகள் எழுதி அனுப்பினேன். உருளை வட்டம் கெடாமல் இருக்கிறதா, விரிசல் உண்டா, துரு உண்டா, பெடல் கீச்சிடுமா, அடித்தால் திருகாணிகள் கடகடக்குமா, உள்ளே ஏதாவது அதிருமா என்று பழைய டிரம்ஸ் வாங்குகிறவன் கேட்கவேண்டிய கேள்விகள்தான். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "நோட்டட் அண்ணே. நீங்க வாரதுக்குள்ள எல்லாத்தையும் குளோஸ் பண்ணிருவோம்." பொறுப்பான பையன் என்று நினைத்துக்கொண்டேன். எதைக் குளோஸ் பண்ணப் போகிறான் என்று கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் மாலை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜில் இறங்கினேன். வரவேற்பில் இருந்தவர் பதிவேட்டைத் திருப்பிக்கொண்டே, "இன்டர்வியூவா சார், ஆடிட்டா?" என்றார். அந்த ஊருக்கு வெளியூர்க்காரன் வருவதற்கு இரண்டு காரணங்கள்தாம் உண்டு போலிருக்கிறது. ராமானுஜரைச் சேவிக்க வந்தவர்கள் வேறு பக்கம் தங்குவார்களாம். பழைய டிரம் செட் ஒன்றைப் பரிசோதிக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஆடிட்' என்று எழுதிக்கொண்டார்.

எதிர்க்கடையில் புரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர்ப் புரோட்டாவான ரொட்டி சானாய் தட்டில் சோம்பலாகப் படுத்துக் கிடக்கும். இங்கே மாஸ்டர் இரண்டு கையாலும் புரோட்டாவை அறைந்து எழுப்பித்தான் தட்டில் போடுகிறார். அந்த அடியில் ஒரு தாளம் இருந்தது, நானும் மேஜையில் விரலால் சேர்ந்துகொண்டேன். பக்கத்தில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் சால்னாவில் கை வைத்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பப் போனேன். மாஸ்டர் தடுத்துவிட்டார். "வுடுங்க சார், டபுள் ட்யூட்டி பாத்துட்டு வந்துகீறான். ஆறிப்போனா வேற ஊத்திக்கலாம்." எங்கள் ஊரில் ரொட்டிக் கடை என்றால் ஊர்வம்பு பேசும் இடம். இங்கே தூங்குகிறவனுக்கு மரியாதை நடக்கிறது.

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். ஒரு பஸ் சரியாக என் முன்னால் வந்து நின்று கதவைத் திறந்தது. குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஏறி உட்கார்ந்தேன். உள்ளே நாற்பது பேர், நாற்பது பேரும் தூக்கம். கண்டக்டர் வரவில்லை. டிக்கெட்டுக்காகச் சில்லறையைக் கையில் பிடித்துக்கொண்டே இருபது கிலோமீட்டர் போனேன். பஸ் ஒரு பெரிய கேட்டின் முன்னால் வந்து நின்றதும், நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கண் விழித்து வரிசையாக இறங்கினார்கள். அது கம்பெனி பஸ் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

காவலாளி என் கழுத்தில் அட்டை தொங்குகிறதா என்று பார்த்தார். பிறகு பையைத் திறக்கச் சொன்னார்.

"இன்னா சார் இது?"

"டிரம்ஸ் குச்சி."

"எதுக்கு?"

"வாசிக்க."

"உள்ள வாசிக்கப் போறீங்களா?"

இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். விதி விதிதான். 'மரக்குச்சி, இரண்டு, உள்ளே' என்று ஒரு வரி எழுதினார். நான் கேட்டைத் தாண்டாமலே திரும்பியதால் 'மரக்குச்சி, இரண்டு, வெளியே' என்று இன்னொரு வரியும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஒரகடத்தைத் தாண்டிச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வெகுதூரம் வந்துவிட்டேன் என்று சொல்லி, தானே சாலைக்கு வந்து ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றியும் விட்டார்.

ஆட்டோவில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் நாங்கள் ஆறு பேர். எதிரே இருந்த வடநாட்டு இளைஞர்கள் இருவர் என் பையையும் என்னையும் பார்த்து இந்தியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று டிரைவரிடம் கேட்டேன். "உங்கள ஸ்கூல் வாத்தியாருன்றான் ஒருத்தன். குச்சி ரெண்டு கீறதால ஹெட்மாஸ்டரா இருப்பாருன்றான் இன்னொருத்தன்" என்றார்.

ஏழுமலையின் வீட்டு வாசலில் முத்துராஜ் காத்திருந்தான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். கார் கதவுகள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை.

"வாங்கண்ணே. கம்பெனி பஸ்ல ஏறிட்டீங்களாம்லா?" என்று கிசுகிசுத்தான்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். அவன் உதட்டில் விரலை வைத்தான். "அந்த செக்யூரிட்டி நம்ம ரூம்மேட்டுக்குச் சித்தப்பாண்ணே. மெதுவாப் பேசுங்க, ராத்திரி வேல பாத்த சி ஷிப்டு தூங்குதானுவ."

உள்ளே ஏழுமலையும் கிசுகிசுத்தார். என் வயதுதான் இருக்கும், அறுபதுக்குக் கொஞ்சம் முன்னே. நிலத்தில் பாதியை விற்றுவிட்டு, மீதியில் வரிசையாக எட்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அவருடைய மனைவி கன்னியம்மாவும் கிசுகிசுத்தார். "டீ துளி சர்க்கரை போட்டா, தூக்கலா?" என்பதை ஏதோ குடும்ப ரகசியம் போலக் காதருகே வந்து கேட்டார்.

டிரம் செட்டைப் பார்க்கலாமா என்றேன். முதலில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடவேண்டும் என்றான் முத்துராஜ். அதற்கென்றே ஒரு புது நோட்டு வாங்கி வைத்திருந்தான். பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தட்டில் பிஸ்கட் நீட்டி, நான் அனுப்பிய பதினோரு கேள்விகளையும் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் நேரே பச்சை டிக். எனக்கு அப்போதுதான் விஷயம் புரியத் தொடங்கியது. இந்த ஊரில் வாங்குகிறவன் எழுதிக் கேட்டால் அது கேள்வி இல்லை, புகார். புகார் வந்துவிட்டால் ஆள் வந்து பார்ப்பதற்குள் அதைச் சரிசெய்து முடிக்க வேண்டும். முத்துராஜும் அறைவாசிகள் ஏழு பேருமாக எட்டுப் பையன்கள் இரண்டு வாரத்து ஓய்வு நாட்களைச் செலவழித்து என் கேள்விகளைச் சரிசெய்திருந்தார்கள்.

போர்வையை விலக்கினார்கள். செட் பளபளத்தது. நல்லவேளை, நீல உறையை உரிக்காமல் காருக்குப் போடும் பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பழைய திருகாணிகளைக் காணோம், எல்லாம் புதுசு. ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் மையில் ஒரு கோடு.

"எல்லா போல்ட்டும் ஒரே டார்க்ல, ஒரே இறுக்கத்துல டைட் பண்ணி மார்க் பண்ணிருக்கோம்ணே. இனி ஆயுசுக்கும் லூஸ் ஆகாது."

டிரம்ஸின் திருகாணி லூஸாகத்தான் வேண்டும், அதைத் தளர்த்தியும் இறுக்கியும்தான் சுருதி வைப்போம் என்று எப்படிச் சொல்வது? நான் குச்சியை எடுத்துக் தரையில் நிற்கும் 'டாம்' என்ற பெரிய உருளையில் ஓங்கி அடித்தேன்.

'தப்.'

அவ்வளவுதான். மெத்தையில் தேங்காய் விழுந்த சத்தம். நடுவில் இருக்கும் சின்ன ஸ்னேர் டிரம்மில் அடித்தேன். 'தப்.' பெடலை மிதித்துப் பெரிய டிரம்மை அடித்தேன். அதில் அதுகூட வரவில்லை. பையன்கள் முகம் மலர்ந்து நின்றார்கள்.

"சத்தத்தப் பத்தி மட்டும் மூணு பாயின்ட் கேட்டிருந்தீங்கண்ணே" என்றான் முத்துராஜ். "அதான் மெயின் கம்ப்ளெயின்ட்டுன்னு எடுத்துக்கிட்டோம். கார் கதவுக்கு உள்ள ஒட்டுவோம்லா, தகரச் சத்தம் வராம இருக்க ஒரு ஷீட்டு? அத உள்பக்கம் பூராம் ஒட்டிட்டோம். கம்பெனில எடுக்கலண்ணே, கடைல பில்லு போட்டு வாங்குனது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேள்விப்பட்டிருக்கிறேன். குரங்கைப் பிடித்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாக நிற்கிறவர்களை அன்றுதான் பார்த்தேன். எனக்கு முதலில் கோபம் வந்தது. அந்த எட்டு முகங்களையும் பார்த்தபோது அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு பிஸ்கட் சாப்பிட்டேன். தீபாவளியும் லேப்டாப்பும் கண்முன் வந்தன.

"டிரம்ஸ்ல சத்தம் வரணும் தம்பி" என்றேன் கடைசியில்.

முத்துராஜின் முகம் சுண்டிப்போனது. ஏழுமலைதான் அவன் தோளில் கை வைத்தார். "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சார். எனக்கு அப்பவே டவுட்டு. ஆனா இன்னா பண்றது, சத்தம் வந்தாலும் நீங்க எப்ப வாசிச்சுப் பாப்பீங்க? காலைல சி ஷிப்டு தூங்குவானுங்க. மத்தியானம் வந்து ஏ ஷிப்டு படுத்துக்குவானுங்க. ராத்திரி வந்து பி ஷிப்டு. ரூமு கட்டி ஒம்பது வருசம் ஆவுது, இந்த வூட்டுல ஒருத்தனாச்சும் தூங்கிகினு இல்லாத நேரமே கெடையாது. அதான் நான் வாசிக்கறத வுட்டுட்டேன். வாசிக்காம வெச்சிகினு இன்னா பண்றது, வித்துடலாம்னு பாத்தேன்."

தெருமுனையில் கோயில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது, அதற்கு மட்டும் தூங்குகிறார்களே என்றேன். அது ஒரே சீராக ஓடும், டிரம்ஸ் நின்று நின்று வரும், நிற்கும்போதுதான் விழித்துக்கொள்வார்கள் என்றார். அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் பேச்சு.

அதற்குள் முத்துராஜ் காகிதத்தை எடுத்து மூன்று ஷிப்டுக்கும் கட்டம் போட்டுவிட்டான். யார் எத்தனை மணிக்கு வருகிறான், எப்போது படுக்கிறான், எப்போது எழுகிறான் என்று ஒவ்வொருவரையும் எழுதிக் கூட்டிக் கழித்தான். கடைசியில் ஒரே ஒரு இடைவெளி கிடைத்தது. ஏ ஷிப்டு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து டீ குடிக்கும் ஐந்து மணியிலிருந்து, சி ஷிப்டு வேலைக்குப் போகுமுன் மறுபடி ஒரு கண் அசரும் ஐந்தே முக்கால் வரை. பி ஷிப்டு அப்போது தொழிற்சாலையில் இருக்கும்.

"நாப்பத்தஞ்சு நிமிசம் இருக்குண்ணே. நாளைக்கு வச்சுக்கிடுவோம். அதுக்குள்ள பிரிச்சு, பழையபடி ஆக்கித் தாரேன்."

பழைய திருகாணிகள் எங்கே என்று பயந்துகொண்டே கேட்டேன். அவன் உள்ளே போய் ஒரு சிவப்புப் பெட்டியைத் தூக்கி வந்தான். கழித்த பொருளையும் எறியாமல் சிவப்புப் பெட்டியில் சீட்டுக் கட்டி வைக்கவேண்டும் என்பது அவர்கள் தொழிற்சாலை வழக்கமாம். ஒவ்வொரு திருகாணியும் எந்த டிரம்மில் எத்தனையாவது இடத்திலிருந்து கழற்றியது என்று எழுதி, துணியில் சுற்றிக் கிடந்தது. எங்கள் ஊரில் பழைய செட்டுகளைப் பழுதுபார்க்கிறவர்கள் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிடம் அவனைக் கட்டியணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, முத்துராஜுக்கு மட்டும் வார ஓய்வு, ஷிப்டுகளுக்கு ஞாயிறு கிடையாது. காலையிலிருந்து கிசுகிசுத்தபடியே வேலை நடந்தது. அறைவாசிகளில் தலைமுடி மேல் அக்கறை உள்ள ஒருவனிடம் ஹேர் டிரையர் இருந்தது. அதால் சூடாக்கிச் சூடாக்கிக் கறுப்பு ஷீட்டை நூல் நூலாக உரித்தோம். மதியம் கன்னியம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தார். மிக்சி போட நேரம் அமையாததால் மசாலாவை அம்மியில், அதுவும் அமுக்கி அமுக்கி அரைத்தார். இன்றும் நாக்கில் நிற்கிறது அந்தக் குழம்பு. உரித்து முடித்ததும் நான் டார்ச் அடித்து உருளைகளின் உள்ளே பார்த்தேன். விரிசல் இல்லை, கூடுதல் ஓட்டை இல்லை, தோல் உட்காரும் விளிம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. என் பதினோரு கேள்விகளுக்கும் பழைய செட்டே சரியான பதில் வைத்திருந்தது.

சிவப்புப் பெட்டித் திருகாணிகளைப் பழைய இடங்களில் மாட்டிவிட்டு, சரியாக ஐந்து மணிக்கு முற்றத்தில் உட்கார்ந்தேன். ஏழெட்டுப் பேர் டீ டம்ளரோடு சுற்றி நின்றார்கள். முதல் அடியை ஸ்னேரில் அடித்தேன். சத்தம் சுவரில் மோதித் திரும்பி என் நெஞ்சுக்கே வந்தது. மூன்று வருடம் ரப்பரைத் தட்டியவனுக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகம் பிடித்தேன்.

பையன்கள் தலையாட்டினார்கள். இரண்டு நிமிடம் கழித்து ஒருவன் ஆட்டுவதை நிறுத்தினான். பிறகு இன்னொருவன். எந்த அடிக்குத் தலையாட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நானும் நிறுத்தினேன். பெடலின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்றேன், இறுக்கிக் கொடுத்தார்கள். இருக்கை உயரம் என்றேன், குறைத்தார்கள். முற்றம் சரிவாக இருக்கிறது என்றேன். முத்துராஜ் ஓடிப்போய் ரசமட்டம் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். குமிழி நட்டநடுவில் நின்றது.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே" என்றார் ஏழுமலை.

"சொல்லுங்க."

"செட்டு நல்லாத்தான் கீது. உங்க காலுதான் லேட்டா வருது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை போலிருந்தது. ரப்பர் தட்டுக்கு வந்த நாளிலிருந்து பாலனின் லேப்டாப்பில் ஒரு தாளம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், நான் அதன் மேல் தட்டிக்கொண்டிருப்பேன். சபைக்குக் கேட்டது அதுதான், நானல்ல. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி என் சத்தத்தை அவன் குறைத்துக்கொண்டே வந்ததும் இப்போதுதான் உறைத்தது. பாவம், அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ரப்பர் மேல் பழியைப் போட்டிருக்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அந்தக் கூடத்தை அளக்கக் கடல் தாண்டி வந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது.

ஏழுமலை பக்கத்தில் வந்து குந்தினார். "எனக்கும் இதேதான் சார். வுட்டுட்டு ரெண்டு வருசம் கழிச்சி, பொங்கலுக்கு பசங்க ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு நாள் ஒக்காந்தேன். அன்னிக்கு பூரா இந்த ஸ்பிரிங்கதான் திட்டிகினு இருந்தேன்."

செட்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். விலையில் பேச்சு எதுவும் வரவில்லை. பார்த்து முடித்ததும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று முத்துராஜ் ஒரு தாளை எடுத்தான். அவன் யாரையும் குத்திக்காட்டும் பையன் இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதுவது அவன் தொழில்.

"ஷெல் ஓகே. தோல் ஓகே. பெடல் ஓகே. சத்தம் ஓகே. அப்சர்வேஷன் ஒண்ணே ஒண்ணுதாண்ணே" என்று நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல் வாசித்தான். "ஆபரேட்டருக்கு ட்ரெய்னிங் தேவை."

வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஏழுமலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பன்னண்டு நிமிசம் கீது. ஒக்காருங்க."

குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வலது காலைப் பெடலில் வைத்து, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.